சேர்மன் நெற்றியில் நீ வைத்த பொட்டு

அம்மா,

பீரோ மேலிருந்த அந்த பிஸ்கட் டப்பாவை இன்று இறக்கினேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி ஒரு தும்மல். உள்ளே ஒன்றுமில்லை. அடியில் கொஞ்சம் தூள், அவ்வளவுதான். மிளகாயும் மஞ்சளும் குங்குமமும் கலந்து, எந்த நிறம் என்று அதற்கே தெரியாத தூள். டப்பா காலி. வாசனை மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று குடியிருக்கிறது. உனக்கு அந்தப் பிடிவாதம் இல்லாமல் போய்விட்டதே.

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, அழுவுறியா?"

"இல்ல நைனா, மொளகா."

"மொளகாயா?" என்று கேட்டுவிட்டு அவரும் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் போனார். அவர் நின்ற இடம் வரை மிளகாய் நெடி போகவில்லை. எனக்குத் தெரியும்.

சரி, உட்கார். இந்தப் போகத்து வேட்டைக் கதையை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? வில் என்னுடையது, அதை வைத்து ஊரையே ஏமாற்றியவள் நீ.

வில் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? புத்தூர் பள்ளியில் வில் பழகுகிற பிள்ளைகளுக்குப் புது வில் வந்தது. பழைய மூங்கில் வில்லை எடுத்துக்கொண்டு போ என்று பி.டி. சார் என்னிடம் தள்ளிவிட்டார். பஸ்ஸில் அதை என் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு வந்தேன். அதற்கும் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர். "வயசுப் பொண்ணு சார், நாணத்தோட ஓரமா நிக்குது, வுட்ருங்க" என்றேன். அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். என் சிலேடை டிக்கெட் இல்லாமலே வீணாய்ப் போனது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்த நீ சிரித்த சிரிப்பில் சாம்பல் பறந்தது. உனக்குச் சிரிப்புக்கு இலக்கணம் தேவையில்லை.

கார்வேட்டிநகரம் பக்கத்து மலையடியில் நிலம் வைத்திருப்பவர்களுக்குப் பன்றியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வேர்க்கடலை காய் பிடிக்கிற வரைக்கும் ஒன்றும் எட்டிப் பார்க்காது. காய் பிடித்ததும் எந்தத் தபாலில் செய்தி போகுமோ, பொழுது சாய்கிற நேரத்திலும் விடிகிற நேரத்திலும் கூட்டமாய் மலையிறங்கி வரும். டிராக்டருக்குக் கூட அப்படி உழத் தெரியாது. "பன்னியக் கொன்னா கேசு, பயிரு போனா அர்ஜி" என்று நீ சொல்வாய். நஷ்டஈடு கேட்டு அர்ஜி எழுதி எழுதி நைனாவின் தெலுங்கு அழகானதுதான் மிச்சம்.

வில்லைப் பார்த்ததும் உனக்கு அந்த யோசனை வந்தது. அம்பு முனையைக் கழற்றிவிட்டு, பழைய துணியில் தவிடும் மிளகாய்த்தூளும் சாயமும் பொதிந்து, அந்த இடத்தில் கட்டினாய். பட்டால் காயமாகாது. பொட்டலம் உடையும், காரம் மூக்கில் ஏறும், நிறம் உடம்பில் ஒட்டும். நிறம் ஒட்டிய பன்றி நம் வேட்டை. "நெறம் இன்னாத்துக்கு?" என்றார் நைனா. "வேட்டயாடுனோம்னு ஊருக்குத் தெரிய வேணாமா? தோலையா மாட்ட முடியும்?" என்றாய். அவர் அர்ஜி எழுதப் போய்விட்டார்.

உனக்கு வில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான். என்னைப் போல் ஒரு வாத்தியாருக்கு உன்னைப் போல் ஒரு மாணவி கிடைக்கக் கூடாது. நாணை இழுப்பாய், கை நடுங்காது, எல்லாம் சரி. பன்றி வந்து நின்றதும் வாயைப் பிளந்துவிடுவாய். முதல் நாள் சாயங்காலம் காவல் பரணில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தாய்ப்பன்றி முன்னால், கோடு போட்ட குட்டிகள் வரிசையாய்ப் பின்னால்.

"வுடும்மா, வுடு!"

"எம்மாம் பெருசுடி!"

"பாக்கறதுக்கு வந்தமா, அடிக்கறதுக்கு வந்தமா?"

"பாக்காம எப்டிடி அடிக்கறது?"

அதற்குள் குடும்பம் முழுவதும் சாப்பாட்டை முடித்துவிட்டது. "வாய மூடும்மா, ஈ போவும்" என்றேன். "போனா போவட்டும், அதுவும் பாத்துட்டு வரட்டும்" என்றாய்.

நீ அம்பு விட்ட நாட்களில் நிலைமை இன்னும் மோசம். பக்கத்து நிலத்து முனிரத்தினம் மாமா குனிந்து மடை திருப்பிக்கொண்டிருந்தார். உன் அம்பு புதரைத் தாண்டிப் போய் அவர் வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தவர் சிவப்பைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நான் செத்தேன்! தங்கச்சி, நான் செத்தேன்!"

"செத்தவன் இம்மாம் சத்தமா கத்துவானா அண்ணா? எழுந்து மடயப் பாரு, தண்ணி போவுது."

அவர் எழுந்து மடையைத்தான் முதலில் பார்த்தார். விவசாயி.

பிறகு சேர்மன் வந்தான். கூட்டத்தோடு சேராத ஒண்டிப் பன்றி. ஒரு கொம்புப்பல் பாதியில் உடைந்திருந்தது. எப்போது வருவான், எவ்வளவு தின்பான், யார் கேட்பது? "ஊரு சொத்தத் துன்றவனுக்கு வேற இன்னா பேரு வெக்கறது?" என்று நீதான் அந்தப் பெயரை வைத்தாய். அன்று வீட்டிலிருந்த சாயம் தீர்ந்துபோக, பூஜை மாடத்திலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துச் சில பொட்டலம் கட்டியிருந்தாய். சேர்மன் வரப்பேறி நின்றான். நீ வழக்கம்போல் வாயைப் பிளந்து "எம்மாம் பெருசு!" என்றாய். அப்புறம் எப்படியோ கை தானாக விட்டது. அம்பு நேராய் அவன் நெற்றியில் போய்ப் பட்டு உடைந்தது. வேட்டை என்றால் அதுதான் வேட்டை. என் மாணவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன், பரண் ஆடியது.

மறுநாள் விடியற்காலையில் பால்கேனோடு ஏரிக்கரையில் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். மூடுபனிக்குள் மலை மாதிரி ஒரு பன்றி. நெற்றி நிறைய மஞ்சள், நடுவில் குங்குமம். திருப்பதி மலையே வராக சாமியின் இடம் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. வேறு என்ன நினைப்பார்கள்? பால்கேனைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள். மதியத்துக்குள் வயல் ஓரங்களில் வெல்லமும் வாழைப்பழமும் வந்துவிட்டன. யாரும் தகரம் தட்டக் கூடாது, பட்டாசு வெடிக்கக் கூடாது. சேர்மன் பதவி உயர்வு பெற்றுச் சாமி ஆகிவிட்டான். வெல்லத்தை முன்பசிக்குத் தின்றுவிட்டு, நம் வேர்க்கடலையைச் சாப்பாடாகத் தின்றான். நைனா நம் வரப்பிலேயே கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது, நீ முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினாய். பின்னாலேயே நானும்.

"சொல்லிடலாமாம்மா?"

"இன்னான்னு சொல்லுவ? சாமிக்குப் பொட்டு வெச்சது நான்னா? வேணாண்டி. வெச்ச பொட்ட நாமளே அழிக்கக் கூடாது. மழ வந்து அழிக்கட்டும்."

மழை வந்து அழித்தது. சாமி மலைக்குத் திரும்பிவிட்டார் என்றது ஊர். அன்றிலிருந்து குங்குமத்துக்குத் தடை. துணிக்குப் போடும் நீலம் மட்டும்தான். மிஞ்சிய ஒரே ஒரு குங்குமப் பொட்டலத்தை மட்டும் நீ டப்பாவின் அடியில் போட்டு வைத்தாய். "இது கெடக்கட்டும். எதுனா அவசரம்னா சாமியக் கூப்புட வேணாமா?" என்றாய்.

போன வருஷம் அவசரம் வந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டும் ஆகவில்லை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம், மறுபடி போனோம். காய் பிடித்த நேரத்தில் நிலத்தில் நம் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது வயல் முழுக்கக் குழி. நீ ஆட்டோவிலிருந்து இறங்காமலே பார்த்தாய். "பசிக்கு வந்துச்சுங்க. திட்டாதீங்க" என்று நைனாவிடம் சொன்னாய். தீபாவளி தாண்டி நீ இல்லை. இதை விரித்து எழுத எனக்கு வரவில்லை. சிரிக்கவைக்கத் தெரிந்த கைக்கு இது மட்டும் வசப்படவில்லை.

நைனா ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இந்த ஆடியில் விதைக்கும்போதே சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு போகம்தான் பாப்பா. இதுவும் பன்னிக்குப் போச்சுன்னா, நெலத்த மாந்தோப்புக்காரருக்குக் குத்தகைக்கு வுட்டுட்டு ரேணிகுண்டாவுக்கே போய்டலாம். ஒண்டியா நான் எதத்தான் பாக்கறது?"

நீ களையெடுத்த நிலம், நாம் உட்கார்ந்த பரண், நீ வாயைப் பிளந்து நின்ற வரப்பு. எல்லாம் அந்த ஒரு போகத்தில் தொங்கியது. வில்லை எடுத்துத் துடைத்தேன்.

முதலில் வேலி. ஊரெல்லாம் செய்கிற மாதிரி வயலைச் சுற்றிப் பழைய புடவை கட்டவேண்டும். உன் புடவைகளை நைனா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி கேட்டேன்.

"அவ பொடவய மழைல நனைய வுடுவியா?"

"பீரோல வெச்சா பூச்சி துன்னும் நைனா. வயல்ல கட்டுனா ஒண்ணும் துன்னாது."

சாவியை எடுத்துக் கொடுத்தார். கட்டும்போது அவரும் வந்தார். ஒவ்வொரு குச்சியிலும் சுருக்கம் விழாமல் இழுத்து இழுத்துக் கட்டினார், ஏதோ நீ கட்டிக்கொண்டு திருமலைக்குக் கிளம்பப்போகிற மாதிரி. காற்றடித்தபோது வயலைச் சுற்றி நீயே கைகோத்து நிற்பது போல இருந்தது.

அம்மா, அந்தப் போகத்தில் நான் பார்த்ததெல்லாம் நீ பார்த்திருக்க வேண்டும். காலேஜுக்குப் போகும் முன் விடியலில் ஒரு காவல், வந்தபின் சாயங்காலம் ஒரு காவல். ஒருநாள் விடியலில் கடமான் ஒன்று நீர்த்தொட்டிக்கு வந்தது. கிளை விரிந்த கொம்பு. தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடித்தபோது கொம்பின் நிழல் தொட்டிச் சுவர் முழுக்கப் படர்ந்தது. குடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. மூஞ்சியிலிருந்து சொட்டுகிற தண்ணீரின் சத்தம் எனக்குக் கேட்டது. அம்பைத் தொடக்கூட மறந்துவிட்டேன். தானாகப் போனது. போகிற வழியில் ஒரு செடியைக்கூட மிதிக்கவில்லை, அவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு.

பன்றிகளை விடவில்லை. ஒன்றுக்கு முதுகில் நீலம், ஒன்றுக்கு வாலில் நீலம். மலையடியில் சுற்றுகிற ஃபாரஸ்ட் கார்டு ஒருநாள் சைக்கிளை நிறுத்தினார். "ஏம்மா, மீ ஊர்ல பந்துலகு கூடா ஹோலீயா?" பன்றிகளுக்குமா ஹோலி என்று கேட்கிறாராம். "கறுப்பா போய்ட்டு நீலமா வருதுங்க சார், எங்க ஊரு சோப்பு அப்டி" என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அறுப்புக்குச் சில நாள் இருக்கும்போது சேர்மன் வந்தான்.

மதியத்திலிருந்து தூறல். பரணில் வைத்திருந்த நீலப் பொட்டலம் எல்லாம் ஊறிக் களியாகிவிட்டது. கூடவே கொண்டுவந்திருந்த டப்பாவுக்குள் காய்ந்து கிடந்தது அந்தக் குங்குமப் பொட்டலம் ஒன்றுதான். உன் பழைய ரவிக்கைத் துணி, உன் முடிச்சு. எடுத்து அம்பில் பொருத்தினேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. இதை விட்டால் உன் கையால் கட்டியது வேறெதுவும் வீட்டில் இல்லை.

மேற்கே மேகம் விலகி மஞ்சள் வெயில் அடித்தது. மலைச்சரிவில் நனைந்த பாறை ஒன்று எழுந்து நடந்து வந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தான். அவன் உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. முதுகு மயிர் கறுப்பாய்க் குத்திட்டு நின்றது, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி, ஒவ்வொரு துளியிலும் வெயில். நேராய் வேலிக்கு வந்தான். உன் கத்திரிப்பூ நிறப் புடவைக்கு முன்னால் நின்றான். அதைக் கிழிக்கத்தான் போகிறான் என்று நாணை இழுத்துப் பிடித்தேன். அவன் கிழிக்கவில்லை. மூக்கைப் புடவையில் வைத்து, மெதுவாய், நெடுநேரம் முகர்ந்தான். உன் வாசனை அதில் இன்னும் இருந்திருக்குமா? எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் தன் நெற்றியில் பொட்டு வைத்தவள் யார் என்று அவனுக்கு மட்டும் தெரியும் போல.

பிறகு புடவையைத் தலையால் நெம்பி, அடியில் நுழைந்து உள்ளே வந்தான். முதல் செடிக்கு மூக்கைத் தாழ்த்தினான். விட வேண்டும். விட முடியவில்லை. என் வாய் திறந்திருந்தது.

"எம்மாம் பெருசு!"

நான்தான் சொன்னேன், அம்மா. வாய்விட்டு. சத்தம் கேட்டு அவன் தலையை நிமிர்த்தி நேராய் என்னைப் பார்த்தான். அப்போதுதான் விட்டேன். நெற்றியிலேயே உடைந்தது. வெயிலில் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு புகை. அந்தப் புகைக்குள் அவன் தலையை உதறினான். காற்று என் பக்கம் திரும்பி, உன் கை மணத்தை என் மூக்கில் கொண்டுவந்து அறைந்தது. நானும் தும்மினேன், அவனும் தும்மினான்.

அன்று உன் அம்பு நெற்றியில் பட்ட ரகசியமும் எனக்குப் பிடிபட்டது. குறி அல்ல, வாய். நீ வாயைப் பிளந்து கூவினாய், அவன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாள் உன்னை மோசமான மாணவி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேனே!

அவன் திரும்பி, வந்த வழியே வேலிக்கடியில் நுழைந்து, ஒற்றையடிப் பாதையில் பாய்ந்தான். அந்தப் பாதையில்தான் பஸ் இறங்கி நைனா வந்துகொண்டிருந்தார், கையில் டிபன் கேரியரோடு. சேர்மனைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். கேரியரை அப்படியே வைத்துவிட்டு ஒதுங்கி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"நைனா! கும்புடாத! அது நம்ம வூட்டுக் குங்குமம்!"

பன்றி அவரைத் தாண்டி மலைக்கு ஓடியது. நைனா கூப்பிய கையை இறக்காமலே பரணுக்குக் கீழே வந்து நின்றார்.

"இன்னா சொன்ன?"

"அம்மா கட்டி வெச்ச பொட்டலம் நைனா. கடைசி."

"அப்ப… அன்னிக்கி வந்த சாமி?"

"அதுவும் அம்மாதான்."

"நான் கற்பூரம் ஏத்துனேனேடி!"

"தெரியும். அம்மா மாட்டுக் கொட்டகைல உழுந்து பொரண்டுது."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் உதடு ஒரு பக்கம் இழுத்தது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் பரண் காலைப் பிடித்துக்கொண்டு, ஈரமண்ணில் உட்கார்ந்து சிரித்தார் அம்மா, ஒரு வருஷமாய்ச் சேர்த்து வைத்த சிரிப்பு. "திருட்டுக் கழுத, திருட்டுக் கழுத" என்று உன்னைத் திட்டிக்கொண்டே. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தத் தடவை காற்றில் உண்மையிலேயே மிளகாய் இருந்தது.

மலையடியில் யாரோ பார்த்திருக்கிறார்கள், விடிந்ததும் ஊரில் ஒரே பேச்சு. சாமி மறுபடி வந்தார், ஒன்றையும் தொடாமல் மலையேறிவிட்டார். முனிரத்தினம் மாமா தன் வயல் ஓரத்தில் வெல்லத்தோடு நின்று, "நம்ம பக்கம் வரலியே" என்று வருத்தப்பட்டார். நைனா என்னைப் பார்த்தார், நான் நைனாவைப் பார்த்தேன். இருவரும் மாட்டுக் கொட்டகைக்கு நடையைக் கட்டினோம்.

சேர்மன் அதற்குப் பிறகு அறுப்பு முடிகிற வரை வரவில்லை. காரமா, மரியாதையா, எனக்குத் தெரியாது. நைனா முதல் செடியைப் பிடுங்கி உதறியபோது காய்கள் கொத்தாய்க் குலுங்கின. ஒரு காயை உடைத்து என் வாயில் போட்டார். பச்சைக்கடலைப் பால் நாக்கில் இனித்தது. காயெல்லாம் காய்ந்த பிறகு நல்ல காயாய்ப் பொறுக்கி ஒரு கோணியில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டார்.

"அது இன்னாத்துக்கு நைனா?"

"வெதைக்கு."

அவ்வளவுதான் சொன்னார். மாந்தோப்புக்காரர் வந்தபோது டீ கொடுத்து அனுப்பிவிட்டார். ரேணிகுண்டாவுக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில்தான் வருகிறார். நேற்று திரும்பும்போது திருப்பதியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார். குங்குமம். "டப்பா அடில ஒண்ணாவது கெடக்கட்டும்" என்றார். அதற்காகத்தான் இன்று டப்பாவை இறக்கினேன். கட்டியும் பார்த்தேன். உன் முடிச்சு எனக்கு வரவில்லை. என் முடிச்சாகத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று விடியலில், காவல் காக்க ஒன்றுமில்லாத வயலுக்கு, பழக்கதோஷத்தில் போனேன். ஈரமண்ணில் புதிதாய் ஒரு குளம்படி. ஒன்று, அடுத்து ஒன்று, வயலைக் குறுக்கே கடந்து, பரணடிக்கு வந்து, நின்று, திரும்பியிருந்தது. என் விரல்களைக் குவித்து அந்தத் தடத்தில் வைத்தேன். கை உள்ளே அடங்கியது. தண்ணீர் ஊறி வந்து விரல்களைத் தொட்டது.

"எம்மாம் பெருசு" என்று உன் குரல் கேட்டது. என் தொண்டையிலிருந்துதான் வந்தது. வாயை மூடு, ஈ போகும் என்று சொல்ல அங்கே யாருமில்லை. போனால் போகட்டும், அதுவும் பார்த்துவிட்டு வரட்டும் என்று திறந்தே வைத்திருந்தேன்.